எஸ்ஏடி ஸ்கோர்: எதை அனுப்புவது, எதை வைத்துக்கொள்வது?

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் எஸ்ஏடி என்ற நுழைவுத் தேர்வைப் பற்றி மூன்று விதமான அறிவுரை காதில் விழும். "எத்தனை தடவை எழுதினாலும் எல்லா ஸ்கோரும் காலேஜுக்குத் தெரிந்துவிடும், அதனால் ஒரே தடவையோடு நிறுத்து" என்பார் ஒருவர். "நாலு தடவை எழுது, நல்லதை மட்டும் அனுப்பு" என்பார் இன்னொருவர். மூன்றாமவர், "இப்போதெல்லாம் ஸ்கோரே தேவையில்லையே, எதற்கு இந்தத் தலைவலி?" என்று முடித்துவிடுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மூவர் சொல்வதும் சரிதான், ஆனால் வெவ்வேறு கல்லூரிகளுக்கு. ஒரு கல்லூரியின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்ப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. "எந்த ஸ்கோரை அனுப்புவது" என்பது ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அனுப்புவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் உரிமை உங்களிடம் இருக்கிறதா? பல முறை எழுதியிருந்தால் எந்தத் தேதியின் ஸ்கோர்? அனுப்பினால் அது உங்களுக்கு உதவுமா, இடிக்குமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கட்-ஆஃப் கண்ணாடியைக் கழற்றுங்கள்

நமக்குப் பழகிய தேர்வுகளில் ஸ்கோர் என்றால் வரிசை. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கூட்டி 200-க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். 187.5 எடுத்தவருக்குப் பிறகுதான் 187 எடுத்தவர். ஜேஇஇ மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கிறது. இரண்டும் எழுதியவருக்கு எது கூடுதலோ அதை அவர்களே எடுத்துக்கொண்டு தரவரிசை போட்டுவிடுவார்கள். மாணவர் எதையும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை, தேர்ந்தெடுக்க முடியவும் முடியாது.

அமெரிக்காவில், குறிப்பாக நிறையப் பேர் போட்டியிடும் கல்லூரிகளில், ஸ்கோர் என்பது விண்ணப்பக் கோப்பில் இருக்கும் தாள்களில் ஒன்று. பள்ளி மதிப்பெண், எடுத்த பாடங்கள், கட்டுரை, ஆசிரியர் பரிந்துரை எல்லாவற்றோடும் சேர்த்து அதை ஒருவர் படிக்கிறார். 1600-க்கு 1480 எடுத்தவரைச் சேர்த்துக்கொண்டு 1550 எடுத்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவது அங்கே வழக்கமான நிகழ்ச்சி. நம் ஊர்க் கணக்குப்படி இது அநியாயம் போலத் தோன்றும். நியாயமா என்பது வேறு விவாதம். ஆனால் கோப்பில் எந்தத் தாளை வைப்பது என்று யோசிக்க இடம் இருப்பது இந்த முறையால்தான்.

எண்களையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். எஸ்ஏடி தேர்வை நடத்துவது காலேஜ் போர்டு என்ற அமைப்பு. படித்தல்-எழுதுதல் ஒரு பகுதி, கணக்கு ஒரு பகுதி. ஒவ்வொன்றும் 200 முதல் 800 வரை, மொத்தம் 1600. அமெரிக்காவில் 2024-ல் பள்ளி முடித்தவர்களில் இதை எழுதியவர்களின் சராசரி 1024. இதற்குப் போட்டியான ஏசிடி தேர்வில் உச்ச மதிப்பெண் 36. கிட்டத்தட்ட எல்லாக் கல்லூரிகளும் இரண்டையும் சமமாகவே ஏற்கின்றன. ஏசிடியில் 30 என்றால் எஸ்ஏடியில் ஏறத்தாழ 1370, 34 என்றால் ஏறத்தாழ 1500. இரண்டும் எழுதியிருந்தால் எது உயரமோ அது போதும்.

கல்யாண வீட்டு குரூப் போட்டோ

அதிகமாகக் குழப்பும் இரண்டு சொற்கள் ஸ்கோர் சாய்ஸ், சூப்பர் ஸ்கோர். இரண்டும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். போட்டோகிராபர் மூன்று கிளிக் எடுக்கிறார். முதலாவதில் மாமா கண்ணை மூடியிருக்கிறார். இரண்டாவதில் மாமா சரி, அத்தை எங்கோ பார்க்கிறார். மூன்றாவதில் யாருமே சரியில்லை.

ஆல்பம் போட எந்தப் படங்களை ஸ்டுடியோவுக்குக் கொடுப்பது என்று நீங்கள் முடிவு செய்யலாம். மூன்றாவதைக் கொடுக்காமலே விடலாம். ஆனால் கொடுக்கிற படத்தை முழுசாகக் கொடுக்க வேண்டும். மாமாவை மட்டும் கத்தரித்துக் கொடுக்க முடியாது. இதுதான் ஸ்கோர் சாய்ஸ். காலேஜ் போர்டு 2009-ல் கொண்டுவந்த வசதி இது. எந்தத் தேதியில் எழுதிய தேர்வை அனுப்புவது என்று நீங்கள் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் அந்தத் தேதியின் இரண்டு பகுதிகளும் சேர்ந்தேதான் போகும். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் எழுதியது எல்லாமே போய்விடும், அதையும் கவனியுங்கள்.

இனி ஸ்டுடியோக்காரர் வேலை. முதல் படத்திலிருந்து அத்தையையும் இரண்டாவதிலிருந்து மாமாவையும் எடுத்து ஒட்டி, எல்லோரும் கண்ணைத் திறந்திருக்கும் ஒரு படத்தை அவர் தயாரிக்கிறார். அது சூப்பர் ஸ்கோர். வெவ்வேறு தேதிகளில் எழுதியதில் ஒவ்வொரு பகுதியிலும் உயர்ந்த மதிப்பெண்ணை எடுத்துக் கூட்டிக்கொள்வது. இதைச் செய்வது கல்லூரி.

எண்களோடு பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு மாணவி மார்ச்சில் எழுதுகிறாள்: படித்தல்-எழுதுதல் 640, கணக்கு 760, மொத்தம் 1400. ஆகஸ்டில் மறுபடியும்: 700, 720, மொத்தம் 1420. அக்டோபரில் காய்ச்சலோடு போய் எழுதியதில் 650, 700, மொத்தம் 1350.

சூப்பர் ஸ்கோர் போடும் கல்லூரி என்றால் அவள் மார்ச், ஆகஸ்ட் இரண்டையும் அனுப்ப வேண்டும். கல்லூரி 700-ஐயும் 760-ஐயும் எடுத்து அவளை 1460 என்று பார்க்கும். "1420-தானே பெரிசு" என்று ஆகஸ்ட் மட்டும் அனுப்பினால் 40 புள்ளியை அவளே தூக்கிப் போட்டதாக ஆகிவிடும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. குறைந்த மொத்தத்தை மறைப்பதே புத்திசாலித்தனம் என்று நினைப்பதால் வருவது இது. ஒரே நாள் மொத்தத்தை மட்டும் பார்க்கும் கல்லூரிக்கு ஆகஸ்ட் போதும். அக்டோபர் இரண்டு இடத்திலும் எதையும் கூட்டாது, அதனால் வீட்டிலேயே இருக்கட்டும்.

எழுதிய எல்லா ஸ்கோரையும் கேட்கும் கல்லூரிகளும் உண்டு. வாஷிங்டன் நகரில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் இதற்குப் பெயர் போனது. அங்கே ஸ்கோர் சாய்ஸ் செல்லாது. காலேஜ் போர்டின் இணையப் பக்கத்தில் ஒரு தேதியை விட்டுவிட்டு அனுப்ப இயந்திரம் அனுமதிக்கும்தான், ஆனால் அது கல்லூரியின் விதியை மீறியதாகும். "எல்லாம் தெரிந்துவிடும்" என்று பயமுறுத்துபவர் மனதில் இப்படி ஒரு கல்லூரிதான் இருக்கும். அங்கும் அக்டோபர் 1350 பெரிய ஆபத்து இல்லை. மூன்று தேதிகளையும் பார்க்கும் அதிகாரி எது உயர்ந்தது என்பதையும் பார்ப்பார். அதற்காக ஏழெட்டு முறை எழுதிக்கொண்டே போவதும் நன்றாக இராது.

இடையில் ஒரு சின்ன விஷயம். 1420, 1430 என்ற பத்துப் புள்ளி வித்தியாசத்துக்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். எந்தத் தேர்விலும் அன்றைய தூக்கம், வந்த கேள்விகளின் கலவை என்று ஓர் ஆட்டம் இருக்கும். ஒரு பகுதியில் ஏறத்தாழ 30 புள்ளி மேலே கீழே போகலாம் என்று தேர்வு நடத்துபவர்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

இதுவரை பார்த்தது: எந்தத் தேதியை அனுப்புவது என்பது உங்கள் தேர்வு, அது ஸ்கோர் சாய்ஸ். வந்ததை எப்படிக் கூட்டுவது என்பது கல்லூரியின் முடிவு, அது சூப்பர் ஸ்கோர். எல்லாவற்றையும் கேட்கும் கல்லூரியில் முதல் உரிமை உங்களுக்கு இல்லை.

அனுப்பாமலே இருந்தால்?

கல்லூரிகள் மூன்று வகை. ஸ்கோர் கட்டாயம் என்பவை, விருப்பம் என்பவை, கொடுத்தாலும் பார்க்க மாட்டோம் என்பவை. விருப்பம் என்பதை டெஸ்ட் ஆப்ஷனல் என்கிறார்கள். பார்க்கவே மாட்டோம் என்பது டெஸ்ட் பிளைண்ட்.

டெஸ்ட் ஆப்ஷனல் என்பது கொரோனா காலத்துக் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். மெய்ன் மாநிலத்தின் போடன் கல்லூரி 1969-லேயே இதைத் தொடங்கிவிட்டது. 2018-ல் சிகாகோ பல்கலைக்கழகம் சேர்ந்தபோது பலர் புருவம் உயர்த்தினார்கள். பிறகு 2020-ல் தேர்வு மையங்கள் பூட்டப்பட, எழுதவே முடியாத தேர்வை எப்படிக் கேட்பது என்று நாடு முழுக்கக் கல்லூரிகள் விருப்பத்துக்கு விட்டன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அதைவிட ஒரு படி மேலே போனது. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலீஸும் அடங்கிய அந்தக் குடும்பத்தில் இப்போது எஸ்ஏடி, ஏசிடி எதையும் வைத்து மாணவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. உங்கள் பிள்ளை 1600 எடுத்திருந்தாலும் அங்கே சேர்க்கை முடிவில் அதற்கு மதிப்பு பூஜ்யம்.

அப்புறம் காற்று திரும்பியது. 2022 மார்ச்சில் எம்ஐடி (நம் குரோம்பேட்டை எம்ஐடி அல்ல, மாசசூசெட்ஸில் உள்ளது) ஸ்கோரைத் திரும்பக் கட்டாயமாக்கியது. 2024-ல் டார்ட்மத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் என்று வரிசையாக அறிவித்தார்கள். அதே ஆண்டு யேல் ஒரு நடுவழியை எடுத்தது: ஏதாவது ஒரு தேர்வு வேண்டும், ஆனால் அது எஸ்ஏடி, ஏசிடி, ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரப் பாடத் தேர்வுகள்), ஐபி (ஒரு சர்வதேசப் பாடத்திட்டத்தின் தேர்வுகள்) இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். கொலம்பியா 2023-ல் விருப்பத்தையே நிரந்தரமாக்கியது. ஃப்ளோரிடாவின் மாநிலப் பல்கலைக்கழகங்களோ கொரோனா நடுவிலும் கட்டாயத்தை விடவில்லை.

ஆக, "ஸ்கோர் தேவையில்லை" என்ற மூன்றாமவரின் செய்தி 2021-ல் உறைந்துபோனது. போன வருஷம் பக்கத்து வீட்டுப் பையன் விண்ணப்பித்தபோது இருந்த விதி இந்த வருஷம் இல்லாமல் போகலாம். கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தை நீங்களே திறந்து, எந்த ஆண்டு சேர்பவர்களுக்கான விதி அது என்பதையும் சேர்த்துப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு எண்களும் அவை சொல்லாமல் விடுவதும்

விருப்பம் என்று சொல்லும் கல்லூரியில்தான் உண்மையான முடிவு உங்கள் கையில் இருக்கிறது. அங்கே எல்லோரும் தேடிப்போவது இரண்டு எண்களை. உதாரணமாக, "1430–1540". இதை நடு ஐம்பது சதவீதம் என்கிறார்கள். அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் ஸ்கோர் கொடுத்தவர்களை வரிசையாக நிறுத்தினால், கீழே கால்வாசிப் பேர் 1430-க்குக் கீழே, மேலே கால்வாசிப் பேர் 1540-க்கு மேலே, மீதிப் பாதிப் பேர் நடுவில் என்று பொருள்.

1430-ஐக் கட்-ஆஃப் என்று நம் ஆட்கள் படிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கால்வாசிப் பேர் அதற்குக் கீழே இருந்துதான் உள்ளே போயிருக்கிறார்கள், பிறகெங்கே கட்-ஆஃப்? அதேபோல 1540-ஐத் தாண்டினால் இடம் உறுதி என்பதும் இல்லை.

சரி, அப்படியானால் வழக்கமாகச் சொல்லும் வழி என்ன? உங்கள் ஸ்கோர் அந்த இடைவெளியின் நடுப்புள்ளிக்கு மேலே இருந்தால் அனுப்புங்கள், கீழ் எண்ணுக்கும் கீழே என்றால் வைத்துக்கொள்ளுங்கள், இடையில் என்றால் யோசியுங்கள். மோசமான வழி இல்லை. ஆனால் அந்த இரண்டு எண்களே கொஞ்சம் ஊதிப்போனவை என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை.

ஏன் ஊதுகிறது என்று பார்ப்போம். ஒரு கற்பனைக் கல்லூரியில் பத்துப் பேர் சேர்கிறார்கள். ஸ்கோர்: 1520, 1500, 1480, 1470, 1450, 1430, 1410, 1380, 1350, 1310. எல்லோரும் கொடுத்திருந்தால் நடு மதிப்பு 1440. இப்போது கல்லூரி விருப்பத்துக்கு விடுகிறது. கடைசி நான்கு பேர் கூச்சப்பட்டு அனுப்பவில்லை. மீதி ஆறு பேரின் நடு மதிப்பு 1475. கல்லூரி அதை வெளியிடுகிறது. அடுத்த ஆண்டு அதே தரத்தில் பத்துப் பேர் வருகிறார்கள். 1470 எடுத்தவர் அதைப் பார்த்து, "நான் பாதிக்கும் கீழே" என்று நினைத்து ஒதுங்குகிறார். 1450, 1430 காரர்களும் ஒதுங்குகிறார்கள். மிஞ்சியது மூன்று பேர், நடு மதிப்பு 1500. பிள்ளைகள் அதே பிள்ளைகள்தான். ஆனால் இரண்டே ஆண்டில் கல்லூரி 60 புள்ளி கடினமாகிவிட்டது போலத் தெரிகிறது.

பிள்ளைகளின் ரிப்போர்ட் கார்டை நல்ல மார்க் வாங்கிய வீட்டுக்காரர்கள் மட்டும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது போல. அதை மட்டும் பார்த்தால் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் மேதைகள், நம் வீட்டுப் பிள்ளை மட்டும் மக்கு.

இதனால் யார் நஷ்டப்படுகிறார்கள் என்பதற்கு டார்ட்மத்தே சாட்சி சொன்னது. 2024-ல் கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது, தங்கள் பேராசிரியர்கள் செய்த ஆய்வை அந்தக் கல்லூரி வெளியிட்டது. வசதி குறைந்த பின்னணியில் இருந்து வந்த பல மாணவர்கள், அனுப்பியிருந்தால் உதவியிருக்கக்கூடிய ஸ்கோரை அனுப்பாமல் விட்டிருந்தார்கள் என்று அது காட்டியது. காரணம் எளிது. சேர்க்கை அதிகாரி 1400 என்ற எண்ணைத் தனியாகப் பார்ப்பதில்லை. சராசரி 1000-ஐத் தொடாத ஒரு பள்ளியில் இருந்து 1400 வந்தால் அவர் நிமிர்ந்து உட்காருவார். ஆளுக்கு ஒரு தனிப்பயிற்சி ஆசிரியர் வைத்திருக்கும் பள்ளியில் இருந்து அதே 1400 வந்தால் பக்கத்தைத் திருப்புவார். மாணவருக்கு இந்தச் சூழல் கணக்கு தெரிவதில்லை. அவர் இணையத்தில் பார்த்தது அந்த இரண்டு எண்களை மட்டும்.

இந்த ஊதலை அளக்க ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் காமன் டேட்டா செட் என்ற நீண்ட படிவத்தை நிரப்பி வெளியிடுகின்றன. அதில் சி9 என்ற பகுதிக்குப் போங்கள். சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் எஸ்ஏடி கொடுத்தார்கள், எத்தனை பேர் ஏசிடி என்று அங்கே இருக்கும். 85 சதவீதம் பேர் கொடுத்திருந்தால் அந்த எண்களை நம்பலாம். 30 சதவீதம் பேர்தான் என்றால், நீங்கள் பார்ப்பது ஸ்டேட்டஸ் போட்ட வீடுகளை மட்டும். கீழ் எண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் அனுப்புவது பற்றி யோசிக்கலாம். எப்போதுமே ஸ்கோர் கட்டாயமாக இருக்கும் கல்லூரியின் எண்களில் இந்தக் கோளாறு இல்லை.

சுருக்கமாக: இரண்டு எண்களும் எல்லைக்கோடுகள் அல்ல. விருப்பம் என்று சொல்லும் கல்லூரியில் அவை உயரமாகத் தெரியும். சி9-ல் உள்ள சதவீதத்தோடு சேர்த்தே அவற்றைப் படிக்க வேண்டும்.

இடைப்பட்ட ஸ்கோர்

நம் மாணவிக்கு வருவோம். சூப்பர் ஸ்கோர் 1460. விருப்பம் என்று சொல்லும் ஒரு கல்லூரி, எண்கள் 1450–1540. என்னைக் கேட்டால் முதலில் அவள் எந்தத் துறைக்குப் போகிறாள் என்று கேட்பேன். பொறியியல் என்றால் 760 என்ற கணக்கு மதிப்பெண் பேசும். வரலாறு என்றால் 700-தான் முன்னால் நிற்கும். கோப்பில் மற்ற தாள்கள் என்ன சொல்கின்றன என்பது அடுத்தது. அமெரிக்க அதிகாரிக்குப் பழக்கமில்லாத பள்ளி அல்லது பாடத்திட்டத்தில் படித்தவருக்கு எஸ்ஏடி கூடுதலாக உதவும். மாநில வாரியத்தில் 600-க்கு 570 என்பது எவ்வளவு பெரிசு என்று அவருக்குப் புரியாமல் போகலாம், 1460 உடனே புரியும். இந்தியாவில் இருந்து விண்ணப்பிப்பவர்கள் அனுப்பும் பக்கமே கொஞ்சம் சாய வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

பணம் இன்னொன்று. சில பல்கலைக்கழகங்களில் சேர்க்கைக்கு ஸ்கோர் விருப்பம், ஆனால் குறிப்பிட்ட உதவித்தொகைக்கு அது வேண்டும். இந்த வரி பெரும்பாலும் வேறொரு பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும். தேடிப் படியுங்கள்.

அனுப்பும் நாள்

எஸ்ஏடிக்குப் பதிவு செய்யும்போது நான்கு கல்லூரிகளுக்கு இலவசமாக ஸ்கோர் அனுப்பலாம் என்கிறார்கள். அந்தச் சலுகை தேர்வு முடிந்த 9 நாள் வரைதான்; ஸ்கோர் அதற்குப் பிறகுதான் வரும். அதாவது எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரியாமலே அனுப்ப ஒப்புக்கொள்கிறீர்கள். எப்படியும் எல்லா ஸ்கோரையும் கேட்கும் கல்லூரிக்கோ, ஸ்கோரைப் பார்க்காத இடத்துக்கோ பிரச்சினை இல்லை. மற்றவற்றுக்கு, ஸ்கோரைப் பார்த்துவிட்டு, ஒரு கல்லூரிக்குச் சுமார் 15 டாலர் வீதம் காலேஜ் போர்டுக்குக் கட்டி அனுப்புவதே மேல். இலவசம் என்பதற்காக ஸ்கோர் சாய்ஸைக் கைவிடுவது நல்ல பேரம் இல்லை.

பத்துக் கல்லூரி என்றால் 150 டாலரா என்று அதிர வேண்டாம். நிறையக் கல்லூரிகள் விண்ணப்பத்தில் மாணவரே ஸ்கோரை எழுதினால் போதும் என்கின்றன. இதைச் சுய அறிவிப்பு என்பார்கள். இடம் கிடைத்து, சேர்வது என்று முடிவான ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் காலேஜ் போர்டு வழியாக அதிகாரபூர்வமாக அனுப்பினால் போதும். எழுதிய எண்ணும் வந்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் கொடுத்த இடத்தையே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். 1460 என்று கையால் கூட்டி எழுதாமல், படிவம் கேட்கிறபடி எந்தத் தேதியில் எந்தப் பகுதியில் எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். கூட்டுவது ஸ்டுடியோக்காரர் வேலை.

டோஃபல், ஐஇஎல்டிஎஸ் போன்ற ஆங்கிலத் தேர்வுகள் இந்தக் கதைக்கு வெளியே நிற்பவை. டெஸ்ட் ஆப்ஷனல் என்று ஒரு கல்லூரி சொன்னால் அது எஸ்ஏடியையும் ஏசிடியையும் பற்றியது மட்டும். இந்தியாவில் இருந்து விண்ணப்பிப்பவரிடம் ஆங்கிலத் தேர்வு தனியாகக் கேட்கப்படலாம். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு விலக்கு கொடுக்கும் கல்லூரிகளும் உண்டு, ஆனால் அந்த விலக்கைப் பல இடங்களில் நாமேதான் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். ஆகவே நவம்பர் 1 என்று கடைசி நாள் வைத்திருக்கும் கல்லூரி பட்டியலில் இருந்தால், செப்டம்பரிலேயே ஒரு மின்னஞ்சல் தட்டிவிடுங்கள்.